சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு: வேலூரில் தொடங்குகிறவர்களுக்கு

சத்துவாச்சாரியில் நான் முதன்முதலில் பாட்டு வகுப்பு தொடங்கியது ஒரு மே மாதம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, 22 பிள்ளைகள், வாடகைக்கு எடுத்த மைக் செட். ஜூலை முடிவதற்குள் 5 பேர்தான் மிஞ்சினார்கள். போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், ஏழு வயதிலிருந்து பாடுகிற எனக்குப் பாட்டின் மேலேயே சலிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் 5 மணி நெருங்கினாலே வயிற்றைப் பிசையும்.

அடுத்த வருஷம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினேன். நான்கு வருஷம் ஆகிறது. இப்போது மூன்று பேட்ச், மொத்தம் 21 பிள்ளைகள். மதியச் சாப்பாடு முடிந்ததுமே 5 மணி எப்போது ஆகும் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். இடையில் நான் ஒன்றும் பெரிய பாடகி ஆகிவிடவில்லை. மாதம், இடம், எண்ணிக்கை, சுருதி, காகிதம் என்று சின்னச் சின்ன ஏற்பாடுகளை மாற்றினேன், அவ்வளவுதான். பிள்ளைகளோடு பாடினால் சந்தோஷம் தானாக வரும் என்று நம்பியிருந்தேன். வரத்தான் செய்கிறது. ஆனால் அது உட்கார நாம்தான் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது.

4 முதல் 8 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லித்தரப் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். கீபோர்டு, வீணை என்றாலும் பாதிக்குமேல் பொருந்தும்.

1. வயதையும் எண்ணிக்கையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் ஒரு பேட்ச். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை இன்னொரு பேட்ச். இரண்டையும் கலக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏற்றபடி போனால் சின்னவர்கள் எழுந்து ஓடுவார்கள், சின்னவர்களுக்கு ஏற்றபடி போனால் பெரியவர்களுக்குக் கூச்சமாகிவிடும். "அக்காவோட தம்பியும் உக்காந்துக்கட்டும் மிஸ்" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். தம்பிக்கு வேறு நேரம் கொடுங்கள். நான் ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டு, அந்த அக்கா மூன்று மாதமும் தம்பியை அடக்குவதிலேயே வகுப்பைக் கழித்ததைப் பார்த்தேன்.

ஒரு பேட்சுக்கு 7 பேர். இந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. 35 நிமிஷ வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது தனியாகப் பாடி, நான் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். 7 பேர் என்றால் அது முடிகிறது. 10 பேர் ஆனால் மூன்று பேர் விட்டுப்போகிறார்கள். 22 பேர் இருந்தபோது யார் பாடுகிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. சொல்லித்தருவதில் இருக்கிற சந்தோஷம் பெரும்பாலும் அந்த ஒரு பிள்ளையின் ஒற்றைக் குரலைக் கேட்கிற நேரத்தில்தான் இருக்கிறது. அதற்கு இடமில்லாத வகுப்பு சீக்கிரம் கசந்துவிடும்.

ஒரு மணி நேர வகுப்பு வேண்டும் என்று கேட்கிற பெற்றோர் உண்டு. கொடுத்த காசுக்கு நேரம் குறைவு என்று அவர்களுக்குத் தோன்றும். 5 வயதுப் பிள்ளைக்கு 35 நிமிஷத்துக்குமேல் காதும் நிற்காது, உடம்பும் நிற்காது. வாரத்துக்கு இரண்டு நாள், 35 நிமிஷம். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. மே மாதம் தொடங்காதீர்கள்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. நம் ஊர் மே மாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. கத்திரி முடிகிறவரை பிள்ளைகள் வாடிப்போய்த்தான் வருவார்கள். பாதிப் பேர் நடுவில் ஆயா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். குடியாத்தம் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவார்கள். சேர்ந்து பாட ஒரு கூட்டம் அமையவே அமையாது.

ஜூனும் வேண்டாம். பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை என்று வீட்டில் கையில் காசே இருக்காது.

விஜயதசமிதான் நல்ல நாள். வழக்கப்படியும் அன்றைக்குத்தான் பிள்ளைகளை வித்தைக்குச் சேர்ப்பார்கள். காலாண்டுத் தேர்வும் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆவணியிலேயே தெருவில் சொல்லி வைத்து, புரட்டாசியில் பெயர் எழுதிக்கொண்டு, விஜயதசமி அன்று காலை தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வகுப்புகள் போகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி வருவதற்குள் பிள்ளைகளுக்கு நாலு பாட்டு வாயில் இருக்கும். ஏப்ரல் பாதியோடு நிறுத்தி, மே முழுக்க விடுமுறை விட்டுவிடுங்கள். உங்களுக்கும் ஓய்வு வேண்டும்.

3. இடம்: நடந்து வருகிற தூரம், தரைத்தளம், அதிராத அறை

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி யாரும் 35 நிமிஷ வகுப்புக்கு வாரம் இரண்டு முறை வர மாட்டார்கள். காந்தி நகர், விருதம்பட்டுக்காரர்களுக்குச் சத்துவாச்சாரி வெளியூர் மாதிரிதான், சாயங்கால நெரிசலில். சத்துவாச்சாரிக்குள்ளேயே தேசிய நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இருக்கிறது. சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் ஒரு மாதம் வருவார்கள், அப்புறம் நின்றுவிடுவார்கள். ஆகவே உங்கள் தெருவையும் சுற்றியுள்ள நாலு தெருவையும் மட்டும் நம்பி எண்ணிக்கையைப் போடுங்கள்.

மாடி வேண்டாம், படிக்கட்டில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. தகரக் கூரை கூடவே கூடாது. வெயிலில் வேகும், மழை பெய்தால் ஒரு சொல் காதில் விழாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை போதும். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் டைல்ஸ் தரை. வெறும் டைல்ஸ் அறையில் 7 பிள்ளைகள் பாடினால் சத்தம் சுவரில் மோதித் திரும்பி, ஒருவர் குரல் இன்னொருவருக்குப் புரியாமல் எல்லோரும் கத்த ஆரம்பிப்பார்கள். தரை முழுக்கக் கோரைப்பாய் விரித்து, இரண்டு சுவருக்குக் கனமான பழைய போர்வையோ திரையோ தொங்கவிட்டால் அடங்கிவிடும். இதற்கு ஆன செலவு எனக்கு 1,200 ரூபாய். மைக் செட்டுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. மைக் தேவையே இல்லை.

கதவு திறந்திருக்க வேண்டும். வகுப்பு நடக்கும்போது பெரியவர் இன்னொருவர் பார்வைபடும் தூரத்தில் இருக்க வேண்டும். என் வகுப்பில் எப்போதும் ஓர் ஆயாவோ அம்மாவோ திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. கழிவறைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது யார் என்று சேரும்போதே பேசிவிடுங்கள்.

4. காகிதங்கள்

வீட்டில் நாலு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தர யாரும் உங்களிடம் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. ஆனால் சில காகிதங்கள் கையில் இருந்தால் பின்னால் தலைவலி இல்லை.

வாடகை இடம் என்றால் 11 மாத ஒப்பந்தத்தில் 'குழந்தைகளுக்கு இசை வகுப்பு நடத்த' என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சரி என்ற வீட்டுக்காரர், மாடியில் குடியிருப்பவர் ஒரு நாள் புகார் சொன்னதும் மாறிவிட்டார். எனக்கு நடந்தது அதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், எந்த நாள், எத்தனை மணி என்று நீங்களே நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். மின் இணைப்பு எந்த வகை, கட்டணம் யார் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சேர்க்கைப் படிவம் ஒரு பக்கத்தில் போதும்: பெயர், பிறந்த தேதி, வீட்டில் பேசும் மொழி, இரண்டு போன் எண்கள், அழைத்துப்போக வருகிறவர் யார், ஒவ்வாமை அல்லது மூச்சிரைப்பு உண்டா, போட்டோ எடுக்கலாமா கூடாதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பாடுகிற வீடியோவை வாட்ஸ்அப்பில் போடுவது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பிடிக்காது. பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் போடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வங்கியில் நடப்புக் கணக்கோ சிறு கடனோ வேண்டுமென்றால் உதவும், இல்லாவிட்டால் அவசரமில்லை. ஆதார், பான் இருந்தால் போதும், வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். இதற்கு அரசாங்கம் ஒரு பைசாகூட வாங்குவதில்லை. அதே மாதிரித் தோற்றத்தில் காசு வாங்குகிற இணையதளங்கள் இருக்கின்றன, நான் ஒன்றில் 1,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். முகவரி gov.in-க்குப் பதிலாக வேறு எதிலாவது முடிந்தால் மூடிவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். எழுத்துக்கு எழுத்து, 'ஜிஓவி' புள்ளி 'ஐஎன்' என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. நமக்கு வராது, சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தக் கேள்வி.

பள்ளியில் பாட்டு ஆசிரியர் வேலைக்கும் போக எண்ணம் இருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் கிரேடு இரண்டையும் முடித்து, தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் வாங்கி வையுங்கள். தனியார் பள்ளிகள் பல, காவல் துறை நன்னடத்தைச் சான்றும் கேட்கின்றன. அதைக் காவல் துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வர நாளாகும், வேலை கிடைத்த பிறகு ஓடாதீர்கள்.

5. செலவும் கட்டணமும்

முதல் தடவை 26,000 ரூபாய் போட்டேன். கொட்டகை, மைக், மின்விசிறி, பிளெக்ஸ் பேனர். இரண்டாம் தடவை 8,200 ரூபாய்தான் ஆனது. பாயும் திரையும் 1,200, பழைய 61 கட்டை கீபோர்டு 5,000, லாங்கு பஜாரில் வாங்கிய இரண்டு ஜோடிக் கைத்தாளம் 500, எழுதும் பலகை 600, தண்ணீர் கேனும் மருந்துப் பெட்டியும் சேர்த்து 900. சுருதிப் பெட்டி தனியாக வாங்கவில்லை. போனில் இலவசத் தம்புரா செயலி இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர் இருந்தால் நன்றாகவே கேட்கும். கீபோர்டுக்கு பேட்டரி போடுகிற வசதி உண்டா என்று பார்த்து வாங்குங்கள், கரண்ட் போகிற நேரம் நம் வகுப்பு நேரமாகத்தான் இருக்கும்.

பிளெக்ஸ் பேனரைப் பார்த்து ஒரே ஒரு பிள்ளை வந்தது. மற்ற எல்லோரும் வாய்ச்சொல்லில்தான் வந்தார்கள்.

மாதக் கட்டணம் 600 வாங்குகிறேன். கூடப்பிறந்த இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. அறை வாடகையும் கரண்டும் 3,300. பேட்சுக்கு ஓர் இலவச இடம் போக மற்ற எல்லோரும் கட்டினால் 7,000 பக்கம் கையில் நிற்கும், மே மாதம் வரவு இல்லை. இதை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது. நான் காலையில் ஒரு பள்ளியிலும் வேலை செய்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. பணத்துக்காக எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வருஷக் கட்டணத்தை மொத்தமாக வாங்காதீர்கள். பிள்ளை இரண்டு மாதத்தில் நின்றால் பணத்தைத் திருப்பித் தருவதில் மனக்கசப்புதான் மிஞ்சும். மாதம் பிறந்து 5 தேதிக்குள், முடிந்தவரை யு.பி.ஐ.யில். பிள்ளை வராத வகுப்புக்குக் கழிவு இல்லை, நான் வராத வகுப்பை ஈடுசெய்து தருவேன். ஒவ்வொரு பேட்சிலும் ஓர் இடம், கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு. அது யார் என்று மற்ற பெற்றோருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. உங்கள் சுருதியில் பிள்ளைகளை இழுக்காதீர்கள்

இதைத்தான் எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான் ஐந்தரைக் கட்டை சுருதியில், அதாவது கீபோர்டில் 'ஜி ஷார்ப்'பை ஸ-வாக வைத்துப் பாடுகிறவள். முதல் வருஷம் பிள்ளைகளையும் அதே சுருதியில் வைத்தேன். கீழ் ஸட்ஜத்தில் (ஸ) 5 வயதுப் பிள்ளைக்குக் குரலே எழும்பவில்லை, உறுமல்தான் வந்தது. மேல் ஸட்ஜத்துக்குக் கத்தினார்கள். பாதிப் பேருக்கு ஸ்வர ஞானமே இல்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். தப்பு என்னுடையது. இந்த வயதில் கீழ் ஸ முதல் மேல் ஸ வரை ஒரு முழு ஸ்தாயி வசதியாக எட்டாது. ஐந்தாறு ஸ்வரம்தான் இயல்பாக வரும், அதுவும் கீபோர்டில் நடு 'சி'க்கு மேலே உள்ள 'டி' முதல் 'ஏ' அல்லது 'பி' வரை.

ஆகவே ஸட்ஜத்தை அந்த நடு 'டி'யில், அதாவது இரண்டு கட்டையில் வையுங்கள். மேலே பஞ்சமம் (ப), மிஞ்சினால் தைவதம் (த) வரை போகிற பாட்டுகளாகத் தேர்ந்தெடுங்கள். மோகன ராகத்தில் ஸ ரி க ப த ஐந்தும் அதற்குள் அடங்கிவிடும், பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் நெருங்கி நின்று குழப்பவும் செய்யாது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சியைத் தொடங்குவதுதான் நம் மரபு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஏழு வயதுக்குக் கீழே அதை வைப்பதில்லை. ஏழு வயதில் வந்தால் ஆறு மாதத்தில் முடிகிற பாடத்தை, ஐந்து வயதில் இரண்டு வருஷம் இழுத்து, பிள்ளைக்குப் பாட்டே வேண்டாம் என்று ஆக்கியிருக்கிறோம்.

ஆண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நீங்கள் பாடுவது பிள்ளைகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். சில பிள்ளைகள் உங்கள் குரலைத் தேடிக் கீழே இறங்கித் தவிப்பார்கள். அப்போது கீபோர்டில் அவர்கள் ஸ்தாயியில் வாசித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் சரியாகப் பாடுகிற ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லி மற்றவர்களைத் திருப்பிப் பாட வையுங்கள். பிள்ளை குரலைப் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

4 வயதில் சுருதி சேராத பிள்ளைக்கு இசை வராது என்று முடிவு செய்யவே செய்யாதீர்கள். காது முதலில் வரும், குரல் அப்புறம் வரும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

7. முதல் எட்டு வகுப்புகள்

பெயர் கூப்பிடுவதையே பாட்டாகக் கூப்பிடுங்கள். தூரத்தில் இருக்கிற அம்மாவைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேலே ஒரு ஸ்வரம், கீழே ஒரு ஸ்வரம், பெரும்பாலும் ப, க. அந்த இரண்டு ஸ்வரத்தில் நீங்கள் பெயரைப் பாடுங்கள், பிள்ளை 'இருக்கேன் மிஸ்' என்று அதே மாதிரி திருப்பிப் பாடட்டும். 7 பேருக்கும் இரண்டு நிமிஷம். ஒவ்வொருவர் குரலும் இன்றைக்கு எப்படி இருக்கிறது, யாருக்குச் சளி, யார் கோபமாக வந்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும். எந்த நாளும் எனக்குப் பிடித்த இரண்டு நிமிஷம் இதுதான்.

அப்புறம் தாளம். 4 வயதுப் பிள்ளைக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல் என்று எண்ணிப் போட வராது. விரல்கள் தனித்தனியாக மடங்காது. ஆதி தாளத்தை அதன்மேல் திணிக்காமல், முதலில் நடக்க விடுங்கள், கைதட்ட விடுங்கள். ஜதியை, அதாவது தாளச் சொற்கட்டை, பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லில் பிடித்துக்கொடுங்கள். 'கிளி' என்றால் தக. 'குருவி' என்றால் தகிட. 'அடைமழை' என்றால் தகதிமி. இரண்டைச் சேர்த்து 'கிளி குருவி, கிளி குருவி' என்று தட்டினால் ஐந்து எண்ணிக்கை, கண்டம், அவர்களுக்கே தெரியாமல் வந்துவிடும். 'குருவி அடைமழை' என்றால் ஏழு, மிஸ்ரம். பெரியவர்கள் தடுமாறுகிற ஏழு எண்ணிக்கையை யு.கே.ஜி. பிள்ளைகள் குதித்துக்கொண்டே தட்டுவதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கு அன்றைய களைப்பு இருக்காது. சொற்களை அவர்களே கண்டுபிடிக்கட்டும். தகிடவுக்கு 'மிளகு' என்று ஒரு பிள்ளை கொண்டு வந்தது.

நம் வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்குத் தாளம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அம்மன் கோயில் திருவிழாவில் பம்பையையும் உடுக்கையையும் பக்கத்தில் நின்று கேட்டவர்கள். பாரதம் நடக்கிற ஊர்களுக்குப் போய் விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. ஓர் ஆடி மாதம், வகுப்புக்கு வந்த பையன் செருப்பு ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே நின்றான். உள்ளே வா என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அப்புறம்தான் காதில் விழுந்தது, முந்தின நாள் கோயிலில் கேட்ட பம்பை அடி அது, துளி பிசகாமல். அன்றைக்குப் போட்டு வைத்திருந்த பாடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து அந்த அடியைக் கற்றுக்கொண்டோம். அவன் அதற்கு முன்பு மூன்று மாதம் வாயைத் திறந்து பாடாத பையன். அடுத்த வகுப்பில் பாடினான்.

மூன்றாவது வகுப்பில் ஒரு வேலை கொடுங்கள்: வீட்டில் ஆயாவோ தாத்தாவோ பாடுகிற ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். நம் ஊரில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, உருது பேசுகிறவர்கள் உண்டு, ஆஸ்பத்திரி வேலைக்காக வந்த மலையாள, வங்காளக் குடும்பங்களும் உண்டு. ஏழு பிள்ளைகள் நாலு மொழியில் தாலாட்டு கொண்டுவந்தார்கள். ஒரு வருஷத்துக்கான பாடம் உங்கள் பாயிலேயே வந்து உட்கார்ந்துவிடும். பாட்டை நீங்கள் பிள்ளையிடமிருந்து கற்றுக்கொள்கிறபோது, பிள்ளை நிமிர்ந்து உட்காருகிற அழகு தனி. இன்னொரு நன்மையும் இருக்கிறது. பக்திப் பாட்டு மட்டுமே வைத்தால் சில வீடுகளுக்குச் சங்கடமாகிவிடும். எந்த வகைப் பாட்டு வேண்டாம் என்று சேரும்போதே கேட்டுக்கொண்டு, விளையாட்டுப் பாட்டு, தாலாட்டு, ஏற்றப் பாட்டு, எண்ணுப் பாட்டு எல்லாம் கலந்து வையுங்கள்.

நடுவில் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்கிற விளையாட்டு. என்னென்ன சத்தம் கேட்டது? லாரி, குக்கர் விசில், காகம், மின்விசிறி. எது மேலே, எது கீழே? இதற்குச் செலவு கிடையாது, தயாரிப்பு கிடையாது, எந்தக் கூச்சலையும் அடக்கிவிடும்.

ஒரு வகுப்புக்கு ஒரு புதுப் பாட்டுக்குமேல் வேண்டாம். பழைய பாட்டைத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் பாடுங்கள். நமக்குத்தான் அது ஐம்பதாவது தடவை.

8. பெற்றோரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

"எப்ப மிஸ் மேடை ஏத்துவீங்க?" இந்தக் கேள்வி இரண்டாவது மாதம் வரும். முதல் வருஷம் அதற்குப் பயந்து ஒரு விழா வைத்தேன். இரண்டு மாதம் ஒரே பாட்டை ஒப்பிக்க வைத்து, அழுத பிள்ளையையும் மேடையில் நிறுத்தினேன். இப்போது மேடை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சாயங்காலம், அதே அறையில், அதே பாயில் பெற்றோரும் வந்து உட்கார்ந்து பிள்ளைகளோடு சேர்ந்து பாட வேண்டும். பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு இடமில்லை. அப்பாக்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். மூன்றாவது பாட்டில் சரியாகிவிடும்.

தேர்வு பற்றியும் கேட்பார்கள். அரசுத் தேர்வு சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை. லண்டன் அமைப்புகளான டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் கிரேடு தேர்வுகளுக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில் ஆகும், 8 வயதுக்குள் அவசரமே இல்லை. இன்னும் பெரிய ஏற்பாடு வேண்டும், ஆனால் செலவு செய்ய முடியாது என்கிறவர்களை, 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்காகக் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிற ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை அங்கே போனால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். "பாடிக் காட்டு" என்று விருந்தாளிகள் முன்னால் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை தானாகக் குளிக்கும்போது முணுமுணுத்தால் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

9. உங்கள் தொண்டையும் உங்கள் நோட்டும்

ஒரு நாளைக்கு இரண்டு பேட்ச் போதும். நடுவில் 15 நிமிஷம் பேசாமல் இருங்கள், வெந்நீர் குடியுங்கள். பிள்ளைகளின் சத்தத்துக்குமேல் கத்தி அடக்கப் பார்க்காதீர்கள். சத்தம் அதிகமானால் குரலைத் தாழ்த்திப் பாடுங்கள், என்ன பாடுகிறார் என்று கேட்க அவர்களே அடங்குவார்கள். கைத்தாளத்தை ஒருமுறை தட்டினால் எல்லோரும் உட்கார வேண்டும் என்று முதல் வாரமே பழக்கிவிட்டால் தொண்டை பிழைக்கும். குரல் கட்டியிருந்தால் வகுப்பைத் தள்ளி வையுங்கள், அல்லது முழுக்கத் தாளம் மட்டும் வையுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் உங்களுக்காகப் பாடுங்கள், ஐந்து ஸ்வரத்துக்குமேல் போகிற பாட்டாக. இதை நான் விட்ட மாதங்களில் வகுப்பும் வறண்டுபோனது.

40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள். 5 நிமிஷம்தான் ஆகும். பெற்றோர் கேட்டால் சொல்லவும் உதவும், அடுத்த வகுப்பில் யாரை முதலில் பாட வைப்பது என்றும் தெரியும். நன்றாகப் பாடினார் என்கிற மாதிரி எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது. நடந்ததை அப்படியே எழுதுங்கள். போன செவ்வாய்க்கிழமை என் நோட்டில் இருக்கிற வரி இது: "பாட்டு நடுவில் தெருவில் குல்பி வண்டி மணி. எழுந்து ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடி, 'அது ப மிஸ்' என்றாள். கீபோர்டில் தட்டிப் பார்த்தேன், ப-தான்."